வீடு மாறலாம்; படிப்பு நிற்கலாகாது!

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். ஆயினும் அந்தப் பயணங்களுக்கும் இன்றைய பயணங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பெரும்பாலும் ஆண்மகன் மட்டுமே சென்றான். வீடு ஊரிலேயே இருந்தது. தகப்பன் ரங்கூனில் இருந்தாலும் ரியாதில் இருந்தாலும் பிள்ளை அதே தெருவிலிருந்து அதே பள்ளிக்கூடத்துக்குச் சென்று வந்தது.

இன்று குடும்பமே புறப்படுகிறது. கடையைச் சென்னை மண்ணடிக்கு மாற்றுகிறார் ஒருவர். திருப்பூரிலோ கோவையிலோ பெங்களூரிலோ தொழில் தொடங்குகிறார் இன்னொருவர். அரசு அலுவலர்க்கும் வங்கி ஊழியர்க்கும் மாற்றல் உத்தரவு வருகிறது. புது ஊரில் வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, லாரிக்கும் சொல்லியாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான், கல்லூரியில் படிக்கும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. கட்டிலையும் பீரோவையும் பற்றி முடிவெடுத்த பின்னர் பிள்ளையின் பட்டப்படிப்பைப் பற்றி யோசிக்கிறோம்!

மத்ரஸாவில் சிறு பிள்ளைகளை விட்டுச் செல்ல வரும் பெற்றோர், மூத்த பிள்ளைகளைப் பற்றி இக்கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். ஓதிக்கொடுப்பவன் என்பதோடு, கல்லூரியில் கலைப் பட்டம் படித்தவன் என்பதாலும் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நாமாக வகுத்துக்கொண்ட வழக்கம்

இக்கேள்விக்கு நம்மில் பலர் ஒரு விடையைத் தயாராக வைத்திருக்கிறோம். படிப்பது பெண்ணாக இருந்தால், உடனே மாற்றுச் சான்றிதழை வாங்கி அவளை அழைத்துச் சென்றுவிடுவது. ஆணாக இருந்தால், நண்பர்களோடு ஓர் அறை எடுத்துக் கொடுத்து விட்டுவிட்டுப் போவது. எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம் என்ற வினாக்களே எழுவதில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணுக்குப் புது ஊரில் இடம் கிடைப்பதில்லை. “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்கிறோம். அடுத்த ஆண்டு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுகிறார்கள். நான்கு பருவத் தேர்வுகளை எழுதித் தேறிய பெண், இரண்டு பருவம் மீதமிருக்கும் நிலையில், பட்டமில்லாமல் நிற்கிறாள். விட்டுச் செல்லப்பட்ட மகனோ, எழுப்பி விடுவாரின்றிக் காலை வகுப்புகளைத் தவறவிடுகிறான். ஹோட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான். வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாத நிலைக்கு ஆளாகிறான்.

எல்லா வீடுகளிலும் இப்படி நடக்கிறது என்று நான் கூறவில்லை. ஆனால் பெண் என்பதால் மாற்றுவதும், ஆண் என்பதால் விட்டுச் செல்வதும் ஆராய்ந்து எடுத்த முடிவல்ல, வழக்கம் மட்டுமே. இருந்து முடிப்பதா, மாறிச் செல்வதா என்பதை மூன்று செய்திகள்தாம் தீர்மானிக்க வேண்டும். பிள்ளை எந்த ஆண்டில் இருக்கிறது? பாடம் புது இடத்தில் பொருந்துமா? இங்கே தங்கினால் தலைக்குமேல் நல்ல கூரை உண்டா? இம்மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை.

இரண்டு தாய்மார்கள்

நம் அறிஞர் பெருமக்களின் வரலாற்றில் இரண்டு தாய்மார்களைக் காண்கிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், காஸாவில் பிறந்தவர்கள். சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார்கள். அவர்களுடைய அன்னையார், உறவினர்கள் வாழும் மக்காவுக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் அவர்களின் கல்வி தொடங்கியது. பிறகு மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் இளமையில் தந்தையை இழந்தவர்களே. ஹிஜ்ரி 194இல் பிறந்த அவர்கள், பதினாறு வயது அளவில் தாயாருடனும் மூத்த சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஹஜ் முடிந்ததும் தாயாரும் சகோதரரும் சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பினார்கள். இமாம் அவர்களோ ஹதீஸ் கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

ஒரு தாய் பிள்ளையைத் தம்மோடு எடுத்துச் சென்றார். இன்னொரு தாய் விட்டுவிட்டுத் திரும்பினார். இவ்விரண்டில் எது சரி? இரண்டும் சரியே! இருவரும் தம் வசதியை முன்னிறுத்தாமல், அந்தப் பிள்ளைக்கு அந்த வயதில் எது நன்மை என்பதையே பார்த்தார்கள். நாமும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

கலை, அறிவியல், வணிகவியல் இளநிலைப் பட்டங்கள் நம் மாநிலத்தில் மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். முதல் பருவம் ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பர் வாக்கில் தேர்வோடு முடியும். இரண்டாவது பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும்.

பிள்ளை மூன்றாம் ஆண்டில் இருந்தால், அல்லது இரண்டாம் ஆண்டை முடித்து மூன்றாம் ஆண்டுக்குச் செல்லவிருந்தால், கல்லூரியை மாற்றாதீர்கள். எஞ்சியிருப்பது ஓராண்டுக்கும் குறைவான வகுப்புகளே. மூன்றாம் ஆண்டில்தான் முதன்மைப் பாடங்களின் கனமான தாள்கள் வருகின்றன. அந்நேரத்தில் புதிய பாடத்திட்டம், புதிய ஆசிரியர், புதிய தேர்வுமுறை ஆகிய மூன்றையும் ஒரு பிள்ளையின் தலையில் சுமத்துவது நியாயமன்று. இறுதியாண்டில் மாணவரைச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளும் எளிதில் இசைவதில்லை.

முதலாம் ஆண்டு முடிந்திருந்தால், மாறுவதற்கு ஓரளவு ஏற்ற நேரம் அதுவே. இரண்டு பருவத் தாள்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். விடுபட்ட தாள்கள் இருந்தாலும் அவற்றை எழுதி முடிக்க இரண்டு ஆண்டுகள் உண்டு.

முதலாம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால், மாறுவதைவிட ஆண்டை முடிப்பது நல்லது. அது இயலாவிட்டால் அடுத்த ஜூன் மாதத்தில் புதிய ஊரில் புதிதாகவே முதலாம் ஆண்டில் சேரலாம். “ஓராண்டு வீணாகிறதே!” என்று வருந்துவோம். ஐந்தாறு பழைய தாள்களைச் சுமந்துகொண்டு மூன்று ஆண்டுகள் திணறுவதைவிடச் சில பிள்ளைகளுக்கு அது மேலானதாக அமையும். ஆனால் ஓராண்டு இடைவெளியில் படிப்பே நின்றுபோகும் வீடு நம் வீடு என்று நமக்கே தெரிந்திருந்தால், அந்த வழியில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் இருந்தால்தான் முடிவு கடினம். அதற்கு அடுத்த இரண்டு செய்திகளையும் பார்க்க வேண்டும். எந்த ஆண்டாயினும் பருவத்தின் நடுவில் மட்டும் பிள்ளையைப் பிடுங்காதீர்கள். இங்கே எழுதவேண்டிய தேர்வும் போகும். அங்கே வேண்டிய வருகைப் பதிவும் கிடைக்காது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வெழுத 75 விழுக்காடு வருகையை எதிர்பார்க்கின்றன.

பல நேரங்களில் லாரி வரும் தேதியை நாம் மாற்றலாம். தேர்வுத் தேதியை மாற்ற முடியாது. தந்தை முதலில் சென்று தொழிலைக் கவனிக்கட்டும். தாயும் பிள்ளைகளும் ஏப்ரல் தேர்வு முடிந்து மே மாதத்தில் செல்லட்டும். குடும்பம் இரண்டு தவணையாக இடம்பெயர்வதில் தவறொன்றும் இல்லை. நாலைந்து மாத வாடகை கூடுதலாகலாம். பிள்ளையின் ஓராண்டோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று.

அடுத்துப் பாடத்தைப் பாருங்கள்

பி.ஏ. வரலாறு என்றால் எங்கும் ஒரே பி.ஏ. வரலாறுதானே என்று எண்ணக்கூடாது. தஞ்சை, திருச்சிப் பகுதிக் கல்லூரிகள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. நெல்லைப் பகுதியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். காரைக்குடி, இராமநாதபுரம் பகுதியில் அழகப்பா பல்கலைக்கழகம். சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகம். ஒவ்வொன்றும் தனக்கெனப் பாடத்திட்டம் வகுத்துள்ளது. ஓரிடத்தில் முதலாம் ஆண்டில் வரும் தாள் இன்னோரிடத்தில் இரண்டாம் ஆண்டில் வரலாம், வராமலும் போகலாம்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவது இவற்றுள் எளிது. அங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்துகின்றன. ஆகவே, பட்டத்தில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து மற்றொரு கல்லூரிக்குச் செல்லும்போது தாள்கள் மாறுபடக்கூடும்.

நம் பிள்ளைகளுக்கு உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். நம் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் முதற்பகுதி மொழிப்பாடமாக அரபியை எடுக்கும் வாய்ப்பு உண்டு. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள் விருப்பத்துடன் அதை எடுக்கிறார்கள். புதிய ஊரில் சேர நினைக்கும் கல்லூரியில் அரபி இல்லாவிட்டால் என்ன செய்வது? எழுதி முடித்த அரபித் தாள்களை ஏற்பார்களா, மீதமுள்ள பருவங்களுக்குத் தமிழை எடுக்கச் சொல்வார்களா, முதலிலிருந்து எழுதச் சொல்வார்களா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். உருது எடுத்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

துணைப்பாடத்திலும் கவனம் தேவை. வேதியியல் படிக்கும் மாணவர்க்கு ஒரு கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் துணைப்பாடங்களாக இருக்கும். மற்றொரு கல்லூரியில் கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியலோ விலங்கியலோ இருக்கும். முதன்மைப் பாடம் ஒன்றே ஆயினும் துணைப்பாடம் மாறுபட்டால் அந்தத் தாள்களை மீண்டும் எழுத நேரிடலாம்.

இப்போது கல்விப் புள்ளி வங்கி என்ற ஏற்பாடு வந்துவிட்டதே என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அதற்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் பெற்ற புள்ளிகள் அவருடைய கணக்கில் சேமிக்கப்படுகின்றன. இதில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்கிடையே அவற்றைக் கொண்டுசெல்லலாம். ஆயினும் புள்ளிகள் கணக்கில் இருப்பது வேறு. நாம் விரும்பும் கல்லூரியில் நம் பாடத்தில் இடம் காலியாக இருப்பது வேறு. வங்கியில் பணம் இருக்கிறது என்பதால் நாம் விரும்பும் வீட்டை விற்றுவிடுவார்களா?

கட்டணக் கணக்கு

அரசு உதவி பெறும் பிரிவில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் குறைவு. கல்லூரி மாறும்போது உதவி பெறும் பிரிவில் காலியிடம் இல்லையென்றால், சுயநிதிப் பிரிவில் சேரும்படி சொல்வார்கள். அங்கே கட்டணம் பல மடங்காக இருக்கலாம். இந்த வேறுபாட்டையும் மூன்றாம் ஆண்டு வரையான விடுதிச் செலவையும் இரண்டு பத்திகளாக ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். “விடுதிக்குச் செலவு செய்ய வேண்டாமே” என்று கல்லூரியை மாற்றியவர், விடுதிச் செலவைவிட அதிகமாகக் கட்டணம் செலுத்தும் நிலையும் வரலாம்.

செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் இறுதி நாளை ஒட்டி விலகினால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அந்த நாள் கடந்து 30 நாள்களுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே, ஆண்டின் நடுவில் விலகுவோர் அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடாது என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவியர் நம் வீடுகளிலும் உள்ளனர். 2024இல் மாணவர்களுக்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. கல்லூரி மாறும்போது இவ்வுதவியும் மற்றக் கல்வி உதவித்தொகைகளும் தடைபடாமல் புதிய கல்லூரி வழியாகத் தொடர என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு அலுவலகங்களிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்காதீர்!

கல்லூரியை மாற்றுவது என்று முடிவானால், செய்ய வேண்டியவற்றை வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முதலில் புதிய கல்லூரிக்குச் சென்று, அதே பாடத்தில் அதே ஆண்டில் காலியிடம் உண்டா என்று முதல்வரிடம் விசாரியுங்கள். உண்டென்றால், அதுவரையான மதிப்பெண் பட்டியல்களையும் பழைய கல்லூரியின் பாடத்திட்டப் பிரதியையும் துறைத்தலைவரிடம் காட்டி, எந்தெந்தத் தாள்களை ஏற்பார்கள், எவற்றைப் புதிதாக எழுத வேண்டும் என்று கேளுங்கள். சேர்த்துக்கொள்ள இசைவதாக எழுத்தில் பெறுங்கள். அதன்பின் பழைய கல்லூரியில் தடையில்லாச் சான்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதையும் பெறுங்கள். பல்கலைக்கழகம் மாறுவதானால் இடப்பெயர்வுச் சான்றிதழும் தேவைப்படும். இவ்வளவும் கைக்கு வந்தபின், கடைசியாக வாங்க வேண்டியது மாற்றுச் சான்றிதழ்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊரைக் காலி செய்யும் அவசரத்தில் முதலில் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுகிறார்கள். அன்றோடு பழைய கல்லூரியில் பிள்ளையின் பெயர் நீக்கப்பட்டுவிடுகிறது. புதிய ஊரில் “இடமில்லை” என்று சொல்லிவிட்டால், திரும்பிப் போகவும் வழியில்லை.

தேறாத தாள்கள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய கல்லூரியின் அரியர் தாளைப் பழைய இடத்திலேயே எழுத வேண்டியிருக்குமா, புதிய இடத்தில் அதற்கு ஈடான தாளை எழுதலாமா என்பது முன்கூட்டியே தெளிவாக வேண்டும்.

தலைக்குமேல் ஒரு கூரை

இருந்து முடிப்பது என்று முடிவானால் எங்கே தங்குவது? பாட்டியார் வீடோ, பெரியம்மா, மாமி வீடோ இருந்தால் மிக நல்லது. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உறவினர் வீட்டில் விடும் பெண்ணுக்குப் படிக்க நேரம் கிடைக்க வேண்டும்; அந்த வீட்டின் சமையலும் சிறு குழந்தைகளும் அவள் பொறுப்பாகிவிடக்கூடாது. சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகையை மாதந்தோறும் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வற்புறுத்திக் கொடுங்கள். உறவும் கெடாது, பிள்ளைக்கும் தலைநிமிர்வு இருக்கும்.

உறவினர் இல்லாவிட்டால் கல்லூரி விடுதியைப் பாருங்கள். சிறுபான்மை மாணவ மாணவியர்க்கு அரசு நடத்தும் விடுதிகள் உள்ளன. அவற்றில் உணவும் தங்குமிடமும் இலவசம். குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

பெண்ணை விடுதியில் விடுவதில் பெற்றோர்க்கு இருக்கும் அச்சம் இயல்பானது. அதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அந்த அச்சத்தைக் கேள்விகளாக மாற்றுங்கள். விடுதிக் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா? கல்லூரிக்குச் செல்லும் வழி எப்படி? மாலையில் எத்தனை மணிக்குக் கதவு அடைக்கப்படும்? தொழவும் நோன்பு காலத்தில் ஸஹர் செய்யவும் வசதி உண்டா? ஊருக்கு வரும்போது யார் அழைத்து வருவார்கள்? தாயும் தந்தையும் நேரில் சென்று பார்த்து இவற்றுக்கு விடை காணுங்கள். மனநிறைவான விடை கிடைத்தால் விடலாம். கிடைக்காவிட்டால் வேறு வழி தேடலாம். கேட்காமலேயே “கூடாது” என்று சொல்வது மட்டும் வேண்டாம்.

இதே கேள்விகளை மகனுக்காகவும் கேட்க வேண்டும். பத்தொன்பது வயது இளைஞனுக்குக் காப்பாளரும் வேளாவேளைக்குச் சாப்பாடும் தேவையில்லை என்று யார் சொன்னது?

ஓர் எடுத்துக்காட்டு

இவற்றையெல்லாம் ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்ப்போம். அதிராம்பட்டினத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், தந்தையின் வியாபாரத்தை முன்னிட்டு மே மாதத்தில் சென்னைக்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓர் இரவுப் பயணம். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி. பாட்டியார் ஊரிலேயே இருக்கிறார். மகன் பி.ஏ. முதலாம் ஆண்டை முடித்திருக்கிறான். இரண்டு தாள்களில் தேறவில்லை. முதற்பகுதி மொழி அரபி.

வழக்கப்படி என்ன செய்வோம்? மகளை அழைத்துச் செல்வோம். மகனை நண்பர்களோடு விடுவோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை நேர்மாறாக வருகிறது! மகளுக்கு மீதமிருப்பவை இரண்டே பருவங்கள். பாட்டியார் வீட்டில் பாதுகாப்பும் உண்டு. பாட்டியாருக்கும் துணை கிடைக்கிறது. சென்னையில் வேறு பல்கலைக்கழகம். இறுதியாண்டில் இடம் கிடைப்பது அரிது. அவள் இருந்து முடிப்பதே நன்று. மகனுக்கோ நான்கு பருவங்கள் மீதமுள்ளன. இப்போதே இரண்டு தாள்கள் நிலுவை. தட்டியெழுப்பப் பெற்றோர் அருகில் இல்லாவிட்டால் அது நான்காகும். சென்னையில் அரபி மொழிப்பாடமுள்ள ஒரு கல்லூரியில் காலியிடம் இருந்து, எழுதிய தாள்களையும் ஏற்பார்களானால் அவன் மாறலாம். இடம் கிடைக்காவிட்டால், அவனும் ஓராண்டோ ஈராண்டோ பாட்டியார் வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ இருந்து முடிக்கட்டும். மேற்பார்வையில்லாத வாடகை அறை மட்டும் வேண்டாம்.

பாட்டியார் இல்லாத வீட்டில், விடுதியும் இல்லாத ஊரில், இக்கணக்கு வேறுவிதமாக வரலாம். வரட்டும். எந்த விடை வந்தாலும் அது கணக்குப் போட்டு வந்த விடையாக இருக்க வேண்டும்.

பிள்ளையைக் கேளுங்கள்

இவ்வளவும் பேசிவிட்டு, படிக்கிற பிள்ளையை மறந்துவிடக்கூடாது. கலந்தாலோசிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. வீட்டு மஷூராவில் மாமாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். படிக்கும் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று தந்தை கேட்டால், “உங்கள் இஷ்டம் வாப்பா” என்பாள். அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

நிக்காஹில் கன்னிப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்பது மார்க்கச் சட்டம். கல்லூரி விஷயத்திலும் அவள் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும்படி எவரும் நமக்குச் சொல்லவில்லை! தனியே அமர்த்திக் கேளுங்கள். இங்கே இருந்தால் உன்னால் சமாளிக்க முடியுமா? அங்கே சென்று புதிய பாடத்தைப் பிடித்துக்கொள்ள முடியுமா? எது உனக்குக் கடினம்? தாயைப் பிரிந்து இருக்க இயலாத பிள்ளையும் உண்டு. அதை வெளியே சொல்ல வெட்கப்படும் மகனும் உண்டு. அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்டறியாமல் முடிவெடுத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு தோல்விக்கும் அந்த முடிவையே பிள்ளை காரணம் காட்டும்.

விசாரிக்க வேண்டியதை விசாரித்து, ஆலோசனையும் முடித்தபின் இஸ்திகாராத் தொழுது இறைவனிடம் நன்மையை வேண்டுங்கள். கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இஸ்திகாராவை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடுவது முறையன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறோம்.

எல்லா வழியும் அடைபட்டால்?

இருந்து முடிக்கவும் வழியில்லை. மாறவும் இடமில்லை என்ற நிலை சில குடும்பங்களுக்கு வரலாம். அப்போதும் படிப்பை நிறுத்தாதீர்கள். 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெற வழி செய்கின்றன. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் சிலவும் தொலைநிலைக் கல்வி நடத்துகின்றன. ஆய்வகம் தேவைப்படும் அறிவியல் பாடங்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. வகுப்பறையும் ஆசிரியரும் தரும் பயனை அஞ்சலில் வரும் புத்தகம் முழுமையாகத் தந்துவிடாது. எனவே, இதை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பாதியில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அன்பார்ந்த பெற்றோர்களே! வரும் கோடையில் குடிபெயரும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், வீடு பார்க்கச் செல்லும் அதே பயணத்தில் அருகிலுள்ள கல்லூரிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் அங்கே காட்டுங்கள். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்றில்லாமல் இருவருக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள். நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் நம் பிள்ளைகள் தொடங்கிய கல்வியை நல்லபடியாக முடித்து, அதனால் தாமும் பயன்பெற்றுப் பிறருக்கும் பயன்பட எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.